நிகழ்காலம்

அருங்காட்சியகம் அனுப்பிய பெட்டியில்
பதினோரு குறிப்பேடுகள்.
தாளில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை.
பின்லாந்துப் பாறைத்தீவு ஒன்றின் கலங்கரை விளக்கம்,
முதலிலிருந்து கடைசிவரை ஒரே கையெழுத்து,
அடியில் கே. ஹொங்கிஸ்தோ.
மார்ச்சுக்குள் போலிஷில் வேண்டும் என்றார்கள்.

முதல் வரி:
'நாலு மணிக்கு விளக்கை ஏற்றினேன். வடமேற்குக் காற்று.'
காற்று உடனே வந்துவிட்டது.
விளக்கில் நின்றுவிட்டேன்.

என் மொழியில் நடந்து முடிந்த எதையும்
ஆணாகவோ பெண்ணாகவோதான் செய்திருக்க முடியும்.
ஏற்றினேன் என்பதற்கே இரண்டு வால்:
எம் என்று முடிந்தால் ஆண், அம் என்றால் பெண்.
தும்மினேன் என்று சொல்லிப் பாருங்கள்,
தும்மியது எந்த மூக்கு என்று கேட்கும்.

அந்தத் தீவின் மொழிக்கு இந்தக் கவலையே இல்லை.
அவனும் ஹேன், அவளும் ஹேன்.
பேச்சில் அதுகூடத் தேய்ந்து
ஆட்களை 'அது' என்றுவிடுவார்கள்;
நாயைக் குறிப்பிடும்போதுதான் மரியாதையாய் ஹேன்.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன்.
ஊதியப் பட்டியலில் காவலர் கார்லோ ஹொங்கிஸ்தோ.
திருச்சபைப் பதிவில் மனைவி கெர்த்து.
இரண்டுமே கே.
1923 டிசம்பரில் பனிக்கட்டி உடைந்து
இருவரில் ஒருவர் மூழ்கினார்.
பெயர் இருந்த ஓரத்தை ஈரம் தின்றிருந்தது.
ஊதியம் மட்டும் 1931 வரை கார்லோவுக்கே போயிருக்கிறது.
தலைநகரிலிருந்து யார் படகேறி வந்து
முகம் பார்த்துப் பணம் கொடுத்திருப்பார்கள்?

துப்பறியத் தொடங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.
'படகின் அடிப்பலகையை மாற்றினேன்.'
எம் போட்டேன்.
'சட்டை முழங்கைக்கு ஒட்டுப் போட்டேன்.'
அம்.
'கடல்நாயைச் சுட்டேன். தோலை உரித்தேன். அழுதேன்.'
ஒரே வரியை நாலு தடவை அடித்து எழுதினேன்.
எழுதிய கையின் முழங்கையிலும் ஓர் ஒட்டு இருந்தது,
நானே போட்டது.

தொலைபேசியில் ஒல்ஷெவ்ஸ்கி:
'கலங்கரைக் காவலர் ஆண்தானே? எம் போட்டுவிடுங்கள்.
யார் வந்து கேட்கப்போகிறார்கள்?'
எழுதியவர் கேட்கலாம் என்றேன்.
சிரித்தார்.
அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவருக்கு
இது நகைச்சுவையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில், ஆறாம் எண் டிராமில்,
கையுறையோடு கம்பியைப் பிடித்து நிற்கையில்
ஒலிபெருக்கி சொன்னது: கதவுகள் மூடுகின்றன.
இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது.

எங்கள் நிகழ்காலத்துக்கு வால் இல்லை.

அன்றிரவே முதல் ஏட்டிலிருந்து மறுபடி.
நாலு மணிக்கு விளக்கை ஏற்றுகிறேன்.
பலகையை மாற்றுகிறேன்.
சுடுகிறேன், உரிக்கிறேன், அழுகிறேன்.
'களைத்திருக்கிறேன்' மட்டும் இடறியது;
களைத்தவர் யாரென்று எங்களிடம்
இந்த நிமிடத்திலும் சொல்லியாக வேண்டும்.
'எனக்குத் தூக்கம் வருகிறது' என்று மாற்றினேன்.
தூக்கம் ஆள் பார்த்து வருவதில்லை.

ஒல்ஷெவ்ஸ்கி கைப்பிரதியை இரண்டு விரலால் புரட்டினார்.
'எப்போதோ நடந்து முடிந்ததை
இப்போது நடப்பதாக எழுதியிருக்கிறீர்களே.'
ஆமாம் என்றேன்.
சரித்திரம் என்று ஏதோ ஆரம்பித்தார்,
காபி வந்தது, விட்டுவிட்டார்.

ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.
நாலாம் ஏடு, டிசம்பர் பத்தொன்பது,
பின்னிஷில் மூன்றே வாக்கியம்:
ஹேன் வரவில்லை.
கரைவரை பனியைப் பார்த்தேன்.
விளக்கை ஏற்றினேன்.

அங்கே அது ஒரு நாள்; இரவோடு முடிந்தது.
மறுநாள் குறிப்பில் மீன், பிறகு மீன், பிறகு கிறிஸ்துமஸ்.
என் பக்கத்தில் முடியவில்லை.
அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை
பழைய காலத்துக்கே திருப்பிவிடலாமா என்று
பேனாவைத் திறந்தேன்.
எம்மா அம்மா என்று
அது மறுபடி கேட்டது.

மூடிவைத்தேன்.
வருவதாகக் காணோம்.
கரைவரை பனியைப் பார்க்கிறேன்.
விளக்கை ஏற்றுகிறேன்.