தொண்ணூற்றொரு பாகை

ஏறாவூர் சிஃபாயா மிஸ்ஸின் வெள்ளை விட்ஸ்
தன்னாமுனைக்கு வரும்போதே
பெரிய வைத்தியக் கதையோடுதான் வந்தது.
டயர் நாலும் மாற்றியாயிற்று.
அலைன்மெண்ட் இரண்டு தரம்.
ரேக் போயிற்று என்று கல்முனையில் ஒருவன்
ஒரு லட்சத்து எண்பது கேட்டிருக்கிறான்.

"நேர் ரோட்டில நேராத்தான் போறன்.
ஒரு பக்கச் சில்ல மட்டும் புடிச்சு இழுக்குது.
ஆரோ உள்ளுக்க இருந்து பிரேக் அமத்துற மாதிரி.
பாதி நாள் ஒண்டுமில்ல.
பாதி நாள் கிறுக்கு."

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு:
ஒரு கார், அதன் பின்னால் நெளிகிற இரண்டு கோடு.
பழக வருகிற பெண்கள் அதற்குப் பேரும் வைத்திருந்தார்கள்:
பாம்பாட்டி.

ஸ்கேனரைக் குத்தினேன்.
ஸ்டீயரிங் சென்சர் என்றது.
கோட் ஆளைத்தான் காட்டும், அதை நம்பிப்
பணம் செலவழித்தவன் நான், ஒரு தரம்.
எங்கள் பக்கத்தில் முதலில் உப்பைச் சந்தேகிக்க வேண்டும்.
சொக்கெட்டைக் கழற்றினேன். பச்சை இல்லை.
வயரை ஆட்டினேன். பற்றரி பன்னிரண்டரை.
எல்லாரும் நல்லவர்கள்.

பிறகு ஸ்டீயரிங்கில் சுண்ணாம்புக் கோடொன்று போட்டு
மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் கிறுக்கினேன்.
முப்பது.
அறுபது.
எண்பத்தெட்டு.
தொண்ணூற்றொன்று.
நூற்று முப்பத்து நாலு.

திருப்பி நேரே கொண்டுவந்தேன்.
என் கோடு உச்சியில் நிற்கிறது.
திரையில் நாற்பத்து மூன்று.

அவ்வளவுதான் விஷயம்.
மிஸ் நேரே போகிறா,
வளைகிறா என்று வண்டி நினைக்கிறது,
வளையாத வண்டியை வளைக்கத்தான்
சில்லைப் பிடித்து இழுக்கிறது.
நல்ல எண்ணம்தான். அதுதான் ஆபத்து.

ஏழு தரம் செய்து பார்த்தேன்.
ஏழு தரமும் தொண்ணூற்றொன்றில் தடுக்கிற்று.
"ஏன் இந்த இடம்?" என்றேன், என்னிடமே.
மிஸ் எட்டிப் பார்த்தா. சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தா.

"ரிவர்ஸ் பார்க்கிங்.
ரெண்டு பெரலுக்கு நடுவுல.
இந்த இடத்துல வந்துதான் எல்லாரும் நிப்பாட்டுவாங்க.
நிண்ட வண்டியில அப்பிடியே கிறுக்குவாங்க.
மறுகா என்ட முகத்தப் பாப்பாங்க."

"எத்தனை பேர்?"

"லைசன் எடுத்தது அறுநூறு வரும்.
எடுக்காம போனது கணக்கில்ல."

பற்றரி கழற்றிப் பத்து நிமிஷம், எயார்பாக்குக்குப் பயந்து.
நட், ஸ்டீயரிங், சுருள் வயர்.
அதற்குக் கீழே உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி.
உள்ளே ஒரு பெரிய பல்வளையம், இரண்டு குட்டிச் சக்கரம்.
வளையத்தில் பக்கத்துப் பக்கத்தாக இரண்டு பல் மழுங்கி,
அடியில் பால்மா போல வெள்ளைப் பொடி.
மூச்சு விட்டதில் பாதி பறந்துவிட்டது.

பஞ்சிகாவத்தையிலிருந்து ராத்திரி பஸ்ஸில்
இடியப்பப் பார்சல் மாதிரிச் சுற்றி வந்தது
இன்னொரு வண்டியின் பெட்டி.
பூட்டிவிட்டு, பூச்சியம் பழக்க வேண்டும்:
சமநிலம். சில்லு நேரே.
ஒருவரும் ஏறக்கூடாது, சாயக்கூடாது.
கராஜில் நாலு பேரும்
நடுங்கிற மேசையில் தேத்தண்ணி வைத்ததுபோல் நின்றோம்.
பூச்சியம். பாம்பாட்டி அணைந்தான்.

பின்சீற்றில் எல் போர்ட்டை மடியில் வைத்து
நேற்றும் இன்றும் ஒரு பெண் பேசாமல் இருந்தா.
நாளை அவவுக்கு ட்ரயல்.
"நீ எடு, நஜ்லா," என்றா மிஸ்.
என் ஒயில் பெரல் இரண்டுக்கும் நடுவால்
பின்னுக்கு வந்தது விட்ஸ்.
ஸ்கேனரை நான் கழற்றவில்லை.

எண்பது.
எண்பத்தொன்பது.
தொண்ணூற்றொன்று.

நிப்பாட்டினா.
மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தா.

மிஸ் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தா.
வாவிப் பக்கமாக, ஒன்றுமே இல்லாத இடத்தை.

தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றிரண்டு.