வரவர

பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
இன்கிரீசிங்லி சலைன்.
இரண்டே சொல். பின்னதில் சிக்கலில்லை,
உவர் என்று எழுதினால் நாக்கே ஒத்துக்கொள்ளும்.
முன்னதுதான் மூன்று நாளாய்
மேசை விளிம்பில் எறும்பு போல,
போனதாகவும் இல்லை, நின்றதாகவும் இல்லை.
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
ஒரு சொல்லுக்கு மூன்று நாள் கட்டாது.

படிப்படியாக என்று போட்டுப் பார்த்தேன்.
படியென்றால் கால் வைக்க இடம் இருக்கும்,
நின்று மூச்சு வாங்கலாம், எண்ணிச் சொல்லலாம்.
தண்ணீர் எந்தப் படியில் நின்றது?
அழித்தேன்.
சிறுகச் சிறுக என்றால்
யாரோ சீட்டுக் கட்டிச் சேர்க்கிற மாதிரி.
கடல் சேர்க்கிறதோ என்னவோ.
மென்மேலும், கலியாண வாழ்த்து மடலை விட்டு
இறங்க மாட்டேன் என்றது.
அதிகரித்த வகையில்,
கச்சேரிக் கடிதத்தில் பிறந்து
அங்கேயே பென்சன் எடுக்கிற சொல்.

வெள்ளிக்கிழமை கணக்கெடுப்புக்காரரோடு
ஊர்காவற்றுறைக்குப் போனேன்.
பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்,
வான் கண்ணாடியில் கை வைத்தால் பிசுபிசுப்பு.
றெஜினாவின் கிணற்றுக் கட்டில்
வாளி வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம்.

"முந்தி இதிலதான் தேத்தண்ணி.
பிறகு தேத்தண்ணிக்கு மட்டும் கோயிலடித் தண்ணி,
சமையல் இதில.
பருப்பு அவியாமல் கிடக்க அதையும் விட்டம்.
குளிச்சம் கொஞ்சக் காலம். மகள் ஏலாதெண்டிட்டாள்,
தலைமயிர் தும்பு மாதிரிப் போகுதாம்.
இப்ப முருங்கையும் குடிக்குதில்லை."

படிவத்தில் ஒரு கட்டம்: உவர் தொடங்கிய திகதி.
துஷ்யந்தன் பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.
அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்,
திகதி அதில் மிதப்பது போல.

"ஒரு நாளில வரேல்லைத் தம்பி.
வரவர வந்தது."

அவன் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான்.
நான் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வரவர.
வந்தது இல்லை, வரும் இல்லை.
ஒரு வினை முடியத் தெரியாமல்
தன் குதிக்காலைத் தானே மிதித்துக்கொண்டு நடக்கிறது.
அந்த இங்கிலீசுச் சொல்லின் வயிற்றுக்குள்ளும்
இப்படித்தான் ஓர் இங்,
எப்போதும் பாதி வழியில்.

அன்றிரவே அனுப்பினேன்.
"வரவர உவர்ப்படைந்துவரும் கிணறுகள்."
திங்கட்கிழமை பதில் வந்தது:
மிஸ், வரவர எண்டால்
மாமியார் கழுதையான கதைதான் ஞாபகம் வருது.
பணிப்பாளர் சிரிப்பார். மாத்தியிருக்கிறன்.

பளபளத்த அட்டையோடு அறிக்கை அச்சாகி வந்தது.
அதிகரித்த வகையில்,
முப்பத்தொரு இடத்தில்.
றெஜினாவின் கிணறு ஒரு புள்ளி, நாவல் நிறம்.
புள்ளிகளுக்கு நடுவே ஏறுகிற ஒரு கோடு,
அதில் எங்கே விரல் வைத்தாலும்
அதற்கு முந்தின நாள் குடிக்கக்கூடிய தண்ணீர் போலத்தான் இருந்தது.

காசும் வந்தது. அது வரவர இல்லை,
இரண்டு மாதம் பிந்தி, ஒரேயடியாக.

இன்று காலை கொக்குவிலில், என் கிணற்றடியில்,
ஒரு சட்டைக் கழுத்துக்குச்
சவர்க்காரத்தை ஒருக்கால் தேய்த்தேன்.
இன்னொருக்கால்.
மூன்றாந்தரம் கை தானாகப் போனது.
போன கிழமை இரண்டு தரமா, மூன்றா?
தை மாதத்தில்?
யார் எண்ணிக்கொண்டிருந்தது.

வாளிக்குள் கை விட்டு
ஒரு மிடறு அள்ளி வாயில் வைத்தேன்.
விழுங்கவில்லை.
துப்பவும் இல்லை.
பக்கத்து வளவில் மோட்டார் போட்டார்கள்.
என் கிணற்றுத் தண்ணீர் லேசாக நடுங்கியது,
நடுங்கி,
பழையபடி கிடந்தது.