ஒதுங்குமிடம்

ஆர்டென்வோருக்குப் போகும் சாலை
ஒரு வண்டிக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது.
அங்கங்கே கொஞ்சம் புடைத்திருக்கும்.
அங்கே ஒரு கம்பம், வெள்ளைப் பலகை:
ஒதுங்குமிடம்.

யார் பின்வாங்குவது என்று
எழுதிவைத்ததை யாரும் படித்ததில்லை. வழக்கம் உண்டு.
ஏறுகிறவருக்கு இறங்குகிறவர்.
இரண்டு வண்டிக்கு ஒற்றை வண்டி.
ஒதுங்கியவருக்கு நன்றி ஒரு சுட்டுவிரல்,
ஸ்டியரிங்கைவிட்டு ஓர் அங்குலம் எழுந்தால் போதும்.
கை முழுவதையும் ஆட்டுகிறவர்கள்
கோடையில் வருகிறவர்கள்.

பதினாறு வருடமாகத் தபால் வண்டி ஓட்டுகிறேன்.
யாருக்கு மருத்துவமனையிலிருந்து வருகிறது,
யாருக்கு மகளிடமிருந்து வருவதில்லை
எல்லாம் தெரியும்.
டோலினா மெக்ராவும் டார்குவில் கால்டரும்
பேசுவதில்லை என்பது மட்டும்
உறை இல்லாமலே எட்டு வீட்டுக்கும் தெரியும்.
ஒரு கிடாய், ஒரு வேலி, பதினோரு குளிர்காலம்.
கிடாய் வேலியைத் தாண்டியதா,
வேலி கிடாயை விட்டுவிட்டதா
என்பதில் தகராறு.

அந்த மார்ச் செவ்வாய்க்கிழமை
மழை மேலிருந்து விழவில்லை,
ஏரியிலிருந்து குறுக்கே வந்தது.
பிர்ச் மரத் திருப்பத்தில்
அவன் பிக்கப்பும் அவள் காரும் மூக்கோடு மூக்கு.
பின்னால் நான் வந்து சேர்ந்தேன்.
இப்போது நாங்கள் இரண்டு, அவன் ஒன்று.
வழக்கம் எங்கள் பக்கம்.
அவன் எஞ்சினை அணைத்தான்.
அவளும்.

கண்ணாடித் துடைப்பான்கள்கூட நின்றுவிட்டன.
டோலினா பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள்,
மூடியை மெதுவாகத் திருகினாள்.
என் கையில் இருபத்திரண்டு கடிதங்கள் நனையாமல் காத்திருந்தன.

அப்போது பிக்கப்பின் பின்னாலிருந்து ஒரு முனகல்.
ஆடு கத்துவதுபோல் இல்லை,
கனமான மேசையை நகர்த்துவதுபோல்.

தேநீரை ஜன்னல் வழியே வீசிவிட்டு
இறங்கினாள்.
அவனைப் பார்க்காமல் அவனைக் கடந்து
பின்தட்டில் ஏறினாள், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.
"எண்ணெய் ஏதாவது?" என்றாள் என்னிடம்.
ஹெக்டர் வீட்டு மளிகைப் பொட்டலத்தில்
ஒரு பாட்டில் சூரியகாந்தி எண்ணெய் இருந்தது.
இருந்தது.

அவன் ஆட்டின் தலையைப் பிடித்தான்.
அவள் வாலருகில்.
இருவருக்கும் நடுவே ஓர் ஆட்டின் நீளம்.
"இரு, பெண்ணே" என்றான் அவன், ஆட்டிடம்.
"முக்கு, பெண்ணே" என்றாள் அவள், ஆட்டிடம்.
"அவ்வளவுதான், முடிந்தது."
"இல்லை, இன்னொன்று இருக்கிறது."
எல்லாம் ஆட்டிடம்தான்.

முதல் குட்டி பின்னங்காலால் வந்தது, உயிரில்லை.
அதைச் சாக்கின் மேல் வைத்தாள்,
சாக்கின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடினாள்.
இரண்டாவது மஞ்சளாய், ஆவி பறக்க.
பின்காலைப் பிடித்து ஒரு சுழற்று,
மூக்கில் ஒரு வைக்கோல்.
தும்மியது.

சாலையோர ஓடையில் கை கழுவினாள்,
முழங்கை வரை சிவந்திருந்தது, குளிரால் பாதி.
காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

டார்குவில் பின்வாங்கினான்.
இருநூறு கஜம், தோளுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டு,
கண்ணைத் துடைத்துக்கொண்டோ,
மழையைத் துடைத்துக்கொண்டோ.
ஒதுங்குமிடத்தில் கம்பத்தை இடித்தான்.
பலகை சாய்ந்தது.
டோலினா கடந்தாள். விரல் எழவில்லை.
அவளுக்கும் சேர்த்து நான் இரண்டு விரல் தூக்கினேன்.

மே மாதம் கவுன்சிலிலிருந்து எட்டு உறைகள்,
பலகையைச் சேதப்படுத்தியவர் யார் என்று கேட்டு.
நானே கொடுத்தேன், பதில்களை நானே வாங்கினேன்.
டோலினா தன் உறையை ஒட்டவில்லை.
ஒட்டாத உறை என் குற்றமல்ல.

உள்ளே அவளுடைய பெரிய எழுத்தில்:
காற்று.
வடமேற்கிலிருந்து.
மிகவும் பலமாக.