எந்தப் பாதி

கணவாயிலேயே நிறுத்தியிருக்கலாம்.
பின்னால் ஆறு போலந்துக்காரர்கள்,
இருட்டுமுன் உஷ்குலி போய்ச் சேர வேண்டும்,
முள் சிவப்பில் படுத்துவிட்டது.
நான் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு
ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

வேனில் பாதி மைத்துனன் முர்தாஸுடையது.
எந்தப் பாதி என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
இந்தப் பத்தொன்பது நாளில்
வேறெதையும் பேசிக்கொண்டதில்லை.
முறுக்கிக்கொண்டு திரிகிறான்.

குடாய்சிப் பட்டறையில் இழைத்துச் சமமாக்கிய
சிலிண்டர் ஹெட் நேற்று வந்தது.
இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி
அடியில் வெளிச்சம் நுழைகிறதா என்று குனிந்து பார்த்தான்.
நுழையவில்லை.
அதற்காக என்னைப் பார்த்துவிடவும் இல்லை.

போல்ட் இறங்கும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால்
அடி சேருமுன்பே
இறுகிவிட்டதாக நடிக்கும்.
இதையும் அவன் சொல்லவில்லை.
கம்பியில் துணி சுற்றிப் பத்துக் குழியும் துடைத்தான்,
கறுத்த துணியை ஒவ்வொரு முறையும்
என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

சியூரி செய்துவைத்த ஒப்பந்தம் இது:
வரைபடத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணைச் சொல்வேன்,
இறுக்கிவிட்டு அவன் அதே எண்ணைச் சொல்வான்.
முன் சீட்டைத் தூக்கிய பள்ளத்துக்கு
இருபுறமும் மண்டியிட்டோம்.

ஒன்று. ஒன்று.
நடுவில் தொடங்கி, குறுக்கே தாண்டி,
ஓரங்களுக்குக் கடைசியில்தான் போக வேண்டும்.
ஓரத்தை முதலில் பிடித்தால்
நடுவில் உப்பி நிற்கும், எந்தச் சண்டையும் போல.
நாற்பதில் ஒரு சுற்று.
எண்பதில் ஒரு சுற்று.
ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும் கை நின்றுவிடும் அவனுக்கு;
நானாயிருந்தால்
இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்திருப்பேன்.

இனி ரெஞ்ச் எதுவும் சொல்லாது.
கால் வட்டம், மறுபடி கால் வட்டம், கண்ணளவில்.
சியூரியின் நகச்சாயத்தைத் தொட்டு
போல்ட் தலைகளில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்தான்,
எல்லாம் முன்கண்ணாடியைப் பார்க்க.
முதல் கால் வட்டத்தில் பத்தும் அவன் பக்கம் திரும்பின.
போல்ட் இப்போது இறங்குவதில்லை,
நீள்கிறது.
பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான்
பிடிமானம்.

இரண்டாம் கால் வட்டம். ஆறு. ஆறு.
கரண்ட் போனது.

மேஸ்தியாவில் கரண்ட் போவது செய்தியல்ல.
இருட்டில் ரெஞ்ச் எதிலோ இடித்தது,
அவன் ஏதோ திட்டினான், ஆற்றின் சத்தம் கேட்டது.
"ஏழு ஆச்சா?"
"ஆச்சு" என்றேன்.

அவன் போன் வெளிச்சத்தை இறக்கினான்.
ஆறு புள்ளிகள் பின்சீட்டைப் பார்த்திருந்தன.
ஏழாவது இன்னும்
முர்தாஸையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்க்காமல் சொன்னேன்" என்றேன்.
பிறகு, ஒப்பந்தத்தில் இல்லாததையும்:
"அன்றைக்கு முள்ளைப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்."

வெளிச்சம் கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு ரெஞ்ச் முனகியது, கால் வட்டம்.
"ஏழு" என்றான்.
"எட்டு" என்றேன்.

பத்தும் முடிந்தபின்
ரெஞ்சின் கைப்பிடியைத் திருகித் திருகிப்
பூஜ்யத்துக்குத் தளர்த்தினான்.
இறுக்கியபடியே வைத்தால்
அதற்கு அளவு மறந்துபோகும்.

"முன்பாதி என்னுடையது"
என்றான், பெட்டியை மூடிக்கொண்டே.