நான்காம் பாகம்

கோத்தகிரியில் இரண்டு நாளாய்க் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தியைத் தேயிலை டப்பா மேல் நட்டுப் படிக்கிறேன்.

வரம் கேள் என்கிறது சோலைத் தேவதை.
எந்த ஊர் டீயும் பிடிக்காத
பேராசிரியை தைலம்மை நிமிரவே இல்லை.
வரம் கேட்டுக் கெட்டவர் பட்டியல்
அவளிடம் நாற்பது பக்கம்.
"கதவைச் சாத்து, காகிதம் நமத்துப்போகும்."
அப்புறம் அதன் சிறகை
அடிஸ்கேலால் அளந்து
அடிக்குறிப்பு எழுதுகிறாள்:
'பொய் சொல்லும்போது அரை அங்குலம் சுருங்கும்.'

நான் சிரித்த சிரிப்பில்
மெழுகுவர்த்தி அணைந்தது.
இருட்டில் யாரோ
கூடவே சிரித்த மாதிரி இருந்தது.
பனிதான்.
ஆனாலும் சொல்லிவைத்தேன்:
கதவைச் சாத்து.

விடிந்ததும் நூலகத்துக்கு ஓடினேன்.
நான்காம் பாகத்தைப்
பல் டாக்டர் பெள்ளி எடுத்துப் போனாராம்,
மூன்று வாரமாய்த் திருப்பித் தரவில்லையாம்.

கடைவாயில்
லேசாக வலிக்கிறது இப்போது.