லமாராவின் பாக்கி

அடுப்பு என்று சொல்கிறோமே தவிர
அது இடுப்பளவு கிணறு.
சுற்றிலும் களிமண் சுவர், அடியில் கனல்.
உப்புத்தண்ணீர் தெளித்துவிட்டு
மூச்சைப் பிடித்துத் தலைகீழாகக் குனிந்து
தோணி போல நீட்டிய மாவைச்
சுவரில் அறைய வேண்டும்.
ஒரு மூச்சுக்கு ஒரு ரொட்டி.

இந்தத் தெருவில் அந்தக் கிணற்றுக்குள் குனிகிறவர்களில்
நான் ஒருத்திதான் பெண்.
பதினாறு வருடமாகக்
கொண்டை, கொண்டைமேல் துணி, துணிமேல் இன்னொரு துணி.
வியாழக்கிழமை இரண்டு துணியும் நழுவின.
பொசுங்கும் மயிரின் நாற்றம்
எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
நம்முடையது என்பது மட்டும்
கொஞ்சம் தாமதமாகத் தெரியும்.

அவ்தந்தில் அந்த ஈட்டு ரொட்டிகளைத் தெருவில் எறிந்தார்.
"ஒன்று தலையை வெட்டு, இல்லை வேலையை விடு."
முடியை என்று சொல்ல வந்தவர்தான்.

ஜுஜூனா என் பின்னலை அவிழ்க்காமலே
கையில் எடை பார்த்தாள்,
மீன் வாங்குகிறவள் மாதிரி.
தோள் வரையா, காது வரையா?
காது வரை.
கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.
"காது வரை வெட்டினால் நீ லமாரா ஆகிவிடுவாய், மக்வாலா."

சிக்கல் அதுதான்.
லமாரா எனக்கு ஆறு நிமிடம் இளையவள்.
பத்தொன்பது வயதில் அவள் வெட்டிக்கொண்டு வந்த இரவு
அம்மா அழுதாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.
அதுவரை யாரைக் கூப்பிட்டாலும்
இரண்டு பேரும் திரும்புவோம்.
மறுநாளிலிருந்து குதாய்சி முழுக்க
நீளமானவள் நான், குட்டையானவள் அவள்.
இந்த நீளம் எனக்குப் பிடிக்குமா என்று
நானே கேட்டுக்கொண்டதில்லை.
வீட்டு இலக்கம் பிடிக்குமா என்று யார் கேட்பார்கள்?

காய மூன்று மணி நேரம்.
பனிக்காலத்தில் ஞாயிறு மட்டும் தலைக்குளியல்.
கொண்டை சாய்கிற இடது பக்கம் தலைவலி.
ஆனால் இரவில் அவிழ்த்துவிட்டால்
முதுகோடு யாரோ படுத்திருப்பது போல ஒரு கனம்.
நியாயமாக அதையும் சொல்ல வேண்டும்.

ஜுஜூனா விரல் மடக்கினாள்:
சந்தையில் நோதாரிடம் அவள் வைத்திருக்கும் சீஸ் பாக்கி,
மாலையானால் வெள்ளைப் பாலத்தில் வந்து நிற்கும்
அவளுடைய பழைய புருஷன்,
டிப்போவில் அவளோடு முகம் கொடுத்துப் பேசாத பாதிப் பேர்.
"எல்லாம் உன் தலைக்கு வரும்."
"தலைக்கு வருவது முடியோடு போகட்டும்" என்றேன்.

ஆனாலும் போன் செய்தேன்.
வெட்டப் போகிறேன், லமாரா.
கொஞ்ச நேரம் பஸ் இஞ்சின் சத்தம் மட்டும்.
"அப்படியானால் நான் வளர்க்க வேண்டுமா?"
வேண்டாம்.
"வளர்த்தால் உன் அளவுக்கு வர ஆறு வருஷம் ஆகும்."
ஆகும்.
"அதுவரைக்கும்?"
அதுவரைக்கும் என்ன என்று எனக்கும் தெரியவில்லை.
"குட்டை முடி உன் முகத்துக்கு எடுக்காது" என்று
வைத்துவிட்டாள்,
அதே முகத்தை வைத்துக்கொண்டு.

பின்னல் சட்டென்று விழவில்லை.
கத்தரி அதை மென்று மென்றுதான் தின்றது.

வெளியே மார்ச் மாதக் காற்று.
முப்பது வருடம் வெளிச்சம் படாத பின்கழுத்தில்
அது எங்கே தொடுவது என்று தெரியாமல் தொட்டது.
கையை வைத்து மூடிக்கொண்டு
சந்தை வரை நடந்தேன்.

"லமாரா!" என்றார் நோதார்.
"பதினோரு லரி. புத்தாண்டுக்கு வாங்கியது."
நான் மக்வாலா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
பதினோரு லரியை எண்ணிக் கொடுத்தேன்.
அவர் நோட்டில் அடித்து முடிக்கும் வரை காத்திருந்து
ஒரு கிலோ சீஸ் கேட்டேன், புகை போட்டது, நல்ல விலை.
பையில், செய்தித்தாள் சுற்றிய பின்னலுக்குப் பக்கத்தில்
அதை வைத்தேன்.

கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.