எடுத்துத்தான் ஆகணும்

கல்லல் தாண்டினால் ஒரு கோடுகூட வராது.
லாரி டாங்கின்மேல் ஏறி நின்று
தீபாராதனைத் தட்டு மாதிரி போனைத் தூக்கித் தூக்கி
இரண்டு வருடம் பேசியிருக்கிறேன்.
அதனால்தான் மாறினேன்.
பத்து இலக்கமும் அப்படியே இருக்கும்,
கம்பெனி மட்டும் மாறும் என்றான் கழனிவாசல் கடைப் பையன்,
வீடு மாறும்போது
வாசற்படியை மட்டும் பெயர்த்துக்கொண்டு போவது மாதிரி.
எனக்கு அந்தப் படிதான் வேண்டும்.
செக்காலை ரோட்டுச் சுவரில்,
தேவகோட்டையில் மூன்று மின்கம்பத்தில்,
வண்டி முதுகில் மஞ்சள் பெயின்டில்
இருக்கிறது அந்த எண்:
கழிவுநீர் அகற்றப்படும். இரவு பகல். அடைக்கன்.
முடிவில் இரட்டைச் சுழி.

ஐந்தாம் நாள் ஆரம்பித்தது.
பள்ளத்தூரில் மூடியைத் திறந்து
குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டேன். மணி அடித்தது.
கையுறை கழற்ற நேரமில்லை.
மூக்கால் தள்ளி எடுத்தேன்.
"வாழ்த்துகள் சார்,
நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்."

கேட்காத கடன் வந்தது.
குன்றக்குடிப் பக்கம் மனை வந்தது.
இருதயத்துக்குக் காப்பீடு,
என்னைக் கூப்பிடுகிறவர் காதில் ஒலிக்க ஒரு பாட்டு, மாதம் நாற்பது ரூபாய்.
தொல்லை வேண்டாமென்று பதிந்தேன்.
பதிந்துவிட்டோம் என்று சொல்ல ஓர் அழைப்பு.
பதிந்ததில் திருப்தியா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அழுத்துங்கள் என்று இன்னொன்று.

தெரியாத எண்ணை எடுக்காதே என்கிறாள் வள்ளிக்கண்ணு.
எனக்கு வருவதே தெரியாத எண்தானே.
மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிரம்பும் தொட்டிக்காக
யார் என் பெயரைப் போட்டு வைக்கிறார்கள்?
நாற்றம் போனதும் எண்ணும் போய்விடும்.
தொட்டியோ போனோ,
எடுத்துத்தான் ஆகணும்.

பழைய கம்பெனிப் பெண் ஒருத்தி.
தினம் நாலேகால் மணிக்கு:
"எங்கள விட்டு ஏன் சார் போனீங்க?"
சிக்னல் என்றேன்.
மறுநாளும் அதே கேள்வி.
நேத்தே சொன்னேனே.
"அது எங்க ஸ்கிரீன்ல வரல சார்."
நாலாம் நாள் கிறுக்குப் பிடித்துக் கேட்டேன்:
"உங்க வீட்டுத் தொட்டி கடைசியா எப்பம்மா எடுத்தீங்க?
முதல் லோடுக்கு நூறு ரூபா தள்ளுபடி.
இன்னிக்கு மட்டும்."

அவளுக்குப் பின்னால் இருபது குரல்கள்
ஏன் சார் போனீங்க, ஏன் மேடம் போனீங்க என்றன.
அவள் பேசவில்லை.
அப்புறம், தணிந்து:
"மதுரை ஒத்தக்கடைக்கு வருவீங்களா?
ஹாஸ்டல்ல பதினோரு நாளா வழியுது.
முப்பத்தாறு பேருக்கு ரெண்டு கக்கூஸ்.
ஓனரு போனே எடுக்க மாட்டேங்கிறாரு."

டீசல் கட்டாது.
மேலூர் மாயழகு நம்பரைக் கொடுத்தேன்.
"குறிச்சுக்கிட்டேன்" என்றவள் மூச்சு விடாமல்
"உங்களுக்கு ஒரு மாத டேட்டா இலவசம் சார்" என்றாள்.
யாரோ பின்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.
அடுத்த நாள் நாலேகாலுக்கு ஒரு பையன் கேட்டான்,
ஏன் சார் போனீங்க.

போன வாரம்
முத்துப்பட்டணத்து டாக்டர் வீட்டில் பாக்கி ஆயிரத்து இருநூறு.
எட்டு தடவை அடித்தேன், எட்டும் வெட்டு.
நேரில் போனேன்.
மகன் போனைத் திருப்பிக் காட்டினான்.
என் இரட்டைச் சுழியின்மேல் சிவப்புப் பட்டை:
தொல்லை அழைப்பு. நாற்பத்தொரு பேர் புகார்.

அந்த நாற்பத்தொரு வீட்டிலும்
மூடி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

இப்போது புதுவயலில் ஒரு அரிசி ஆலை.
இருட்டிவிட்டது. ஆழமான தொட்டி, பாதிகூட ஆகவில்லை.
கண்ணாடிக் கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் உறைக்குள்
போன் வெளிச்சம் போட்டு ஆடுகிறது.
மோட்டார நிறுத்தாதேடா பூமி என்று கத்திவிட்டு
மூக்கை நீட்டுகிறேன்.